ஏவலும் ஆற்றலும்

பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில், கடல்மட்டத்திற்கு மேல் 2343 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின் முடியில் அமைந்துள்ளது கோடைக்கானல் சூரிய வான்நோக்கு நிலையம். மலையில் மஞ்சு படிவதற்கு முன்னுள்ள காலை வேளையே அங்குப் பணிக்கு உகந்த வேளை. கதிரவன் மேலெழுந்ததும் கூரை விலகும். கண்ணாடி ஒன்று கதிரொளியை ஏந்தி, அசையாமல் கிடக்கும் நீண்ட தொலைநோக்கிக்குள் செலுத்தும். 1904ஆம் ஆண்டு தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்குக் கதிரவன் நாள்தோறும் படம் எடுக்கப்பெற்று வந்திருக்கிறான். உலகில் இத்துணை நீண்ட சூரியப் படத்தொகுதியை உடைய நிலையங்கள் மிகச் சிலவே.

இந்நிலையம் பிறந்ததற்கு ஒரு கொடிய பஞ்சமும் காரணமாகும். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாயில் வழங்கும் 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது என்று ஆராய்ந்தோர், கதிரவன் மேல் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருத்தல் கூடும் எனக் கருதினர். கதிரவனை இடையறாது நோக்க ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. சென்னையில் 1792 முதல் இயங்கிவந்த வான்நோக்கு நிலையத்தின் பணி 1899ஆம் ஆண்டில் கோடைக்கானலுக்கு மாறிற்று. மைக்கி சுமித் என்பார் அதன் முதல் இயக்குநர். கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு அவர்கள் எண்ணிய அளவுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அந்த நோக்கத்தோடு தொடங்கிய பணி வேறு பல உண்மைகளைத் தந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், கரும்புள்ளிகளின் அரைநிழற் பகுதியில் வாயுக்கள் புறநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவை யாவற்றிற்கும் அடிப்படையாய் நின்றது ஓர் எளிய வேலை: கண்ணாடியைத் திருப்பும் வேலை. பூமி சுழல்வதால் கதிரவன் மணிக்கு 15 பாகை வானில் நகர்வதாகத் தோன்றுகிறான். கண்ணாடி அசையாது நின்றால் பிம்பம் தொலைநோக்கியை விட்டு ஓடிவிடும். 1960ஆம் ஆண்டை ஒட்டி அங்கு அமைக்கப்பெற்ற சுரங்கத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிகள் ஒளியை ஏந்திக் கீழே இறக்குகின்றன. 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே அவ்வொளி சென்று, சுமார் 34 சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரிய பிம்பமாக விழுகிறது. வானில் கதிரவனின் குறுக்களவு அரைப் பாகையே. அவன் தன் குறுக்களவைக் கடக்க இரண்டு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். ஆதலின் கண்ணாடி திரும்பாது நின்றுவிடின், அப்பெரிய பிம்பம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வீதம் நழுவிச் செல்லும். ஒரு கரும்புள்ளியின் நுண்மையைப் பதிவு செய்ய முயலும் ஒருவருக்கு அது பெருவெள்ளம் போன்றது.

இவ்வகைக் கண்ணாடி கதிரவனுடைய வேகத்தில் திரும்புவதில்லை; பாதி வேகத்தில்தான் திரும்புகிறது. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் அதிலிருந்து மீளும் ஒளி இரண்டு பாகை திரும்பும் என்பது ஒளியியல் விதி. எனவே மணிக்கு ஏழரைப் பாகை போதும். ஒரு முழுச் சுற்றுக்கு 48 மணி நேரம்.

மின்மோட்டார்கள் பரவுவதற்கு முன் வான்நோக்குக் கருவிகளை எதனால் திருப்பினர்? எடைக்கல் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டனர். அது மெல்ல மெல்லக் கீழிறங்கும். இறங்கும் விசை பற்சக்கரங்களின் வழியே கருவியைத் திருப்பும். கல்லைத் தன் போக்கில் விட்டால் விரைந்து விழுந்துவிடும் அன்றோ? அதனால் சுழலும் குண்டுகளை உடைய ஒரு வேகச் சீராக்கி பொருத்தப்பெற்றது. வேகம் மிகுந்தால் குண்டுகள் விரியும்; விரிந்தால் தடை கூடும்; வேகம் தணியும். ஊசல் கொண்டு பூமியின் சுழற்சியைக் காட்டிய பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ இத்தகைய சீராக்கிகளை ஆராய்வதில் பல ஆண்டுகள் செலவிட்டார். இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கருவியைத் திருப்புவது எடைக்கல். எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கூறுவது சீராக்கி. ஆற்றல் ஓரிடத்திலிருந்தும் ஏவல் வேறிடத்திலிருந்தும் வருகின்றன. சீராக்கியின் மெல்லிய தண்டையே பிடித்துக் கண்ணாடி முழுவதையும் திருப்ப முயன்றால் தண்டு முறிந்துபோகும்.

இன்று பள்ளி மாணவர்கள் கையில் தவழும் சிறு கணிப்பொறிகளிலும் இதே செய்தி மீண்டும் தலைகாட்டுகிறது. அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது ராஸ்பெர்ரி பை. அது 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து விற்பனைக்கு வந்தது. ராஸ்பெர்ரி என்பது ஒருவகைப் பழம். அவ்வினத்துக் காட்டுப்பழங்கள் பழனி மலையின் சோலையோரங்களிலும் முட்புதர்களில் விளைகின்றன. 1904இல் கோடைக்கானலில் கதிரவனை ஒற்றை நிற ஒளியில் படம் பிடிக்கத் தொடங்கிய கருவியைச் செய்தனுப்பிய தொழிற்கூடமும் அதே கேம்பிரிட்ஜ் நகரில் இருந்ததுதான்.

ராஸ்பெர்ரி பையின் ஓரத்தில் ஊசிபோன்ற 40 உலோக முனைகள் இரு வரிசையாக நிற்கும். இவற்றைப் பின்கள் என்பர். இவற்றுள் பெரும்பாலானவை கணிப்பொறியின் மூளையாகிய சில்லோடு நேரே தொடர்புடையன. நிரல் ஆணையிட்டால் பின்னில் 3.3 வோல்ட் மின்னழுத்தம் தோன்றும். ஆணை மாறினால் மறையும். ஒரு பின்னில் விளக்கை ஏற்றலாம். ஒரு பின்னால் பொத்தான் அழுத்தப்பெற்றதை அறியலாம். விளக்கை ஏற்றிய மாணவனுக்கு அடுத்து எழும் ஆசை, ஒன்றை அசைத்துப் பார்க்க வேண்டும் என்பதே. அப்போதுதான் அவன் செர்வோ மோட்டாரை நாடுகிறான்.

செர்வோ என்னும் சொல் அடிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெருங்கப்பல்களின் சுக்கானை மனிதக் கையால் திருப்புதல் அரிது. சுக்கானைத் திருப்பும் வலிமை நீராவிக்கு உண்டு. ஆனால் அது மாலுமியின் சிறு கையசைவைப் பின்பற்ற வேண்டும். இதற்குரிய பொறியை அமைத்த பிரெஞ்சுப் பொறியாளர் ஃபார்கோ, 1873இல் தாம் வெளியிட்ட நூலில் அதனைச் செர்வோ மோட்டார் என்று அழைத்தார். ஏவியதைச் செய்யும் மோட்டார் என்பது பொருள்.

மாணவர்கள் வழங்கும் செர்வோ தீப்பெட்டியினும் சிறியது. எஸ்.ஜி.90 என்னும் வகை 9 கிராம் எடையே உடையது. அதனுள் நான்கு உறுப்புகள் உண்டு: சிறு மோட்டார், பற்சக்கரங்கள், தண்டு எந்நிலையில் உள்ளது என்பதைக் காட்டும் மாறுமின்தடை, ஒப்பிட்டுப் பார்க்கும் மின்சுற்று. கணிப்பொறி, 'தண்டு இந்நிலையில் நிற்க' என்று ஏவுகிறது. மின்சுற்று, தண்டு நிற்கும் நிலையையும் ஏவிய நிலையையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு இருந்தால் மோட்டாரைச் சுழற்றுகிறது. வேறுபாடு தீர்ந்தவுடன் நிறுத்துகிறது. கையால் தண்டைத் திருப்ப முயன்றால் அது எதிர்த்து நின்று பழைய நிலைக்கே மீளும். வெறும் மோட்டாருக்கு இவ்வறிவு இல்லை. மின்சாரம் உள்ளவரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஏவல் செல்லும் முறை இனிமையானது. நொடிக்கு 50 முறை, அதாவது 20 மில்லி நொடிக்கு ஒருமுறை, கணிப்பொறி ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் செய்தி. ஒரு மில்லி நொடி நீடித்தால் தண்டு ஒரு பக்கம் திரும்பும். இரண்டு மில்லி நொடி நீடித்தால் மறுபக்கம் திரும்பும். ஒன்றரை மில்லி நொடி என்றால் நடுவில் நிற்கும். தாளத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவி உணர்வது போலச் செர்வோ துடிப்பின் நீளத்தை உணர்கிறது.

செர்வோவிலிருந்து மூன்று கம்பிகள் வரும். பழுப்புக் கம்பி தரைக்கு உரியது. சிவப்புக் கம்பி மின்னாற்றலுக்கு உரியது. செம்மஞ்சள் கம்பி ஏவலுக்கு உரியது. ஏவற் கம்பி கேட்கும் மின்னோட்டம் மிக அற்பம். ஆகவே அதனைக் கணிப்பொறியின் பின்னில் நேரே இணைப்பதில் பெரும்பாலும் தீங்கில்லை. 3.3 வோல்ட் துடிப்பையே பெரும்பாலான செர்வோக்கள் புரிந்துகொள்ளும். இடையில் ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் தவறு நேரினும் பின் பிழைக்கும்.

இடர் சிவப்புக் கம்பியில் இருக்கிறது. அதையும் ஒரு பின்னில் செருகிவிட்டால் வேலை எளிதாய் முடியுமே என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் உண்மை விளங்கும். ராஸ்பெர்ரி பையின் ஒரு பின் தாங்கத்தக்க மின்னோட்டம் 16 மில்லி ஆம்பியர். எஸ்.ஜி.90 சுழல்கையில் நூறு, இருநூறு மில்லி ஆம்பியர் அளவில் உண்ணும். அதன் கை ஏதேனும் ஒன்றில் சிக்கிச் சுழலமாட்டாமல் நின்றால் 600 மில்லி ஆம்பியருக்கும் மேல் உண்ணும். தாங்குவதைப் போல் முப்பத்தைந்து மடங்குக்கும் மேற்பட்ட சுமை! பின்னின் அடியில் உள்ள நுண்ணிய டிரான்சிஸ்டர் கணப்பொழுதில் கருகும். பின்கள் சில்லின் உறுப்புகளே ஆதலால், கருகுவது ஒரு பின்னோடு நில்லாமல் கணிப்பொறி முழுவதுமே பயனற்றுப் போதலும் உண்டு. இவ்வாறு இறந்த கணிப்பொறியில் புகையோ மணமோ வாராமலும் இருக்கலாம். மறுநாள் இயக்கும்போதுதான் அது விழிக்கவில்லை என்பது தெரியவரும்.

யானையை நடத்துபவன் பாகன். அவன் அங்குசத்தால் தொட்டால் யானை மரத்தைத் தூக்கும். பாகனையே மரம் தூக்கச் சொல்வார் உண்டோ? பழனியில் 1966 முதல் பக்தர்களை மலைக்கோயிலுக்கு ஏற்றிச் செல்லும் இழுவை ரயிலிலும் இதுவே முறை. இயக்குபவரின் கை அசைப்பது சிறு கைப்பிடியையே. பெட்டியை மலைமேல் இழுப்பது மின்மோட்டார்.

இனி, ராஸ்பெர்ரி பையில் 5 வோல்ட் தரும் பின்கள் இரண்டு உண்டு. அவை சில்லின் வழியாக வாராமல் மின்வழங்கியிலிருந்து ஏறக்குறைய நேரே வருவன. 'சிவப்புக் கம்பியை அங்கே செருகினால் என்ன?' என்று கேட்பது பொருத்தமான வினாவே. சுமையில்லாத ஒரு சிறு செர்வோ அதனால் ஓடத்தான் செய்யும். ஓடுவதைக் கண்ட மாணவன் துணிவு கொண்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைப்பான். மோட்டார் அசையத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று உயரும், மின்னழுத்தம் தாழும். மோட்டாருக்கு அத்தாழ்வு பொருட்டன்று. கணிப்பொறிக்கோ அது மூச்சுத் திணறல். அது நின்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அக்கணத்தில் நினைவு அட்டையில் ஏதேனும் எழுதிக்கொண்டிருந்தால் எழுத்து சிதைந்து, அட்டையே படிக்க இயலாததாகவும் ஆகலாம். ஒரு பருவம் முழுதும் எழுதிய நிரல்கள் அதில் இருந்தால் இழப்பு சிறிதன்று.

ஆகவே செர்வோவுக்குத் தனி மின்கலங்கள் வேண்டும். மீளேற்றம் செய்யத்தக்க 1.2 வோல்ட் மின்கலங்கள் நான்கை வரிசையில் இணைத்தால் 4.8 வோல்ட் கிடைக்கும், எஸ்.ஜி.90க்கு அது ஏற்ற அளவு. சிவப்புக் கம்பி மின்கலத்தின் நேர்முனைக்குச் செல்லும். பழுப்புக் கம்பி எதிர்முனைக்குச் செல்லும். செம்மஞ்சள் மட்டும் கணிப்பொறிக்கு வரும்.

இத்துடன் முடிந்தது என்று இயக்கினால் செர்வோ அசையாது. அல்லது பித்துப் பிடித்தாற்போல் துள்ளும். பலர் இவ்விடத்தில் மயங்குவர். காரணம் சிறியது. கோடைக்கானல் நிலையம் 2343 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றால், கடல்மட்டத்தை அடியாகக் கொண்டு அளந்த உயரம் அது. ஒருவர் கடல்மட்டத்திலிருந்தும் மற்றொருவர் மதுரை நகரத் தரையிலிருந்தும் அளந்தால் இருவர் கூற்றும் ஒவ்வா. மின்னழுத்தமும் உயரம் போன்றதே. எதிலிருந்து அளப்பது என்பது தெரியாவிடில் 3.3 வோல்ட் என்பதற்குப் பொருளில்லை. கணிப்பொறியின் தரைப் பின்னையும் மின்கலத்தின் எதிர்முனையையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டிற்கும் அடிமட்டம் ஒன்றாகும். செர்வோ உடனே ஏவல் கேட்கும். நேர்முனைகளை மட்டும் ஒன்றாக இணைத்துவிடலாகாது.

பின்களை எண்ணுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. வரிசையில் 12ஆவதாக நிற்கும் பின்னுக்கு நிரலில் வழங்கும் எண் 18. நிரலில் 12 என்று எழுதினால் அது 32ஆவதாக நிற்கும் வேறொரு பின்னைக் குறிக்கும். வரிசையில் 2ஆவதும் 4ஆவதும் 5 வோல்ட் பின்கள். அவற்றிலிருந்து ஒரு கம்பி வழுவி அடுத்துள்ள ஏவற் பின்னைத் தொட்டாலும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சில்லு கெடும். கம்பிகளைச் செருகும்போதும் கழற்றும்போதும் மின்சாரத்தை நிறுத்திவிடுதல் இதனாலேயே.

செர்வோ அசைந்து உரிய இடத்தில் நின்றபின்னும் நடுங்கிக்கொண்டிருப்பதைச் சிலர் காண்பர். பழுது என்று கருதி மாற்றுவர், புதியதும் நடுங்கும். குற்றம் துடிப்பில் உள்ளது. ராஸ்பெர்ரி பை ஒரே சமயத்தில் திரையையும் பார்க்கும், வலைத்தொடர்பையும் பார்க்கும், இடையிடையே துடிப்பையும் அனுப்பும். பல அலுவல்களில் மூழ்கிய ஒருவர் மணியடிக்கச் சற்றுப் பிந்துவது போல, துடிப்பு சில மைக்ரோ நொடி கூடியும் குறைந்தும் போகிறது. 1000 மைக்ரோ நொடி வேறுபாடு சுமார் 90 பாகைத் திருப்பத்திற்குச் சமம். எனவே 11 மைக்ரோ நொடி பிசகினால் ஒரு பாகை பிசகும். நிரலில் 12, 13, 18, 19 என வழங்கும் பின்களுக்குத் துடிப்பை மட்டுமே கவனிக்கும் தனி அமைப்பு சில்லிலேயே உண்டு. அதைப் பயன்படுத்தினால் நடுக்கம் அடங்கும். செர்வோக்கள் பல இருப்பின் துடிப்புகளை உண்டாக்குவதற்கென்றே அமைந்த துணைப் பலகை ஒன்றை இடையில் வைத்தல் நலம்.

இனி, இந்தச் செர்வோவைக் கொண்டு கோடைக்கானல் கண்ணாடியின் சிறு வடிவம் ஒன்றைச் செய்து, கதிரவன் பிம்பத்தை வகுப்பறைச் சுவரில் நிலைக்கச் செய்ய இயலுமா? எஸ்.ஜி.90, 10 மைக்ரோ நொடிக்குக் குறைந்த மாற்றத்தைப் பொருட்படுத்தாது; அஃதாவது ஏறத்தாழ ஒரு பாகைக்குக் குறைந்த அசைவு அதனால் ஆகாது. கண்ணாடியில் ஒரு பாகைப் பிழை ஒளியில் இரண்டு பாகைப் பிழையாகும். அது கதிரவனின் குறுக்களவைப் போல் நான்கு மடங்கு. பிம்பம் சுவரில் அமைதியாக நில்லாது. சற்று நேரம் நின்று, பின் தாவும். சூரிய மின்பலகை ஒன்றைக் கதிரவன் பக்கம் திருப்பி வைக்க இந்தச் செர்வோ தாராளமாகப் போதும். ஏனெனில் பலகை ஐந்தாறு பாகை விலகினாலும் பெறும் ஒளி நூற்றில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை.

பிம்பத்தை நிறுத்த விரும்புவோர் படிமோட்டாரை நாட வேண்டும். அது ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்துக்கொண்டு சுழல்வது; ஒரு படிக்கு 1.8 பாகை. பற்சக்கரங்களால் அதனை நூறில் ஒன்றாகக் குறைத்தால் ஒரு படிக்கு 0.018 பாகை மட்டுமே திரும்பும். மணிக்கு ஏழரைப் பாகை திரும்பவேண்டிய கண்ணாடிக்கு மணிக்கு 417 படிகள், ஏறத்தாழ ஒன்பது நொடிக்கு ஒரு படி போதும். படிமோட்டாரின் கம்பிச்சுருள்களும் மிகுந்த மின்னோட்டத்தை உண்பனவே. அவற்றுக்கும் பின்னுக்கும் இடையே இயக்கிச் சில்லு ஒன்று நிற்கும். பின் படியைச் சொல்லும். இயக்கிச் சில்லு மின்கலத்தின் ஆற்றலை எடுத்துச் சுருளுக்கு அளிக்கும். அவ்வாறு அமைத்த கண்ணாடியைத் துருவ விண்மீனை நோக்கிய அச்சில் பொருத்தி, முற்பகல் வெயிலில் வைத்தால், சுவரில் விழும் ஒளிவட்டம் ஒன்பது நொடிக்கு ஒருமுறை சிறிதளவே துடித்து, மஞ்சு வந்து கதிரவனை மறைக்கும்வரை ஓரிடத்திலேயே நிற்கும்.